செமினிப் பாறையின் குழிகள்

சிவகாமி இறந்த இடத்தை ராதாகிருஷ்ணன் பார்க்கவில்லை. புதைத்த இடத்தையும் சரியாகப் பார்த்தான் என்று சொல்ல முடியாது.

தலைப்பிரசவத்துக்கு அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா டெங்கில் ஊரைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர். அந்த மாதம் தோட்டத்துக் கூலிக் குடியிருப்புகளில் காய்ச்சல் லயம் லயமாக இறங்கியிருந்தது. செத்தவர்களைச் செத்த அன்றே புதைத்துவிட வேண்டும் என்று துரை உத்தரவு. டிரசர் மகள் என்பதால் விலக்கு எதுவும் இல்லை. தந்தி கோலாலம்பூரில் அவன் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. அவன் ரயிலும் லோரியுமாகப் போய்ச் சேர்ந்தபோது, சுண்ணாம்பு தூவி மூடிய நீளப் பள்ளம் ஒன்றைக் காட்டினார்கள்.

“இந்தக் கடைசியில இருந்து மூணாவதோ நாலாவதோ, மாப்ளே,” என்றார் மாமனார்.

முப்பதாம் நாள் போனபோது அந்தப் பள்ளத்தின் மேல் ரப்பர்க் கன்று நட்டிருந்தார்கள். வரிசை பிசகாமல்.

அவனுக்கு இருபத்தாறு வயது. திருச்சியில் காலேஜில் இண்டர் வரை படித்தவன். கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நிலப் பிரிவில் கோப்பு எழுதும் கிராணி. துரைமார்களுக்கும் தமிழ் ஜனங்களுக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்வதும் அவன் வேலைதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மேசைக்குத் திரும்பினான். அழவில்லை. ‘கல்லு மனசு’ என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

மாமனார்தான் அந்தப் பாறையைப் பற்றிச் சொன்னார்.

“செமினியில ஒரு கல்தச்சர் இருக்காரு. எங்க தோட்டத்து ஜனங்க எல்லாம் அங்கதான் போறாங்க. ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க.”

“எதுக்கு?”

“போய்ட்டு வாங்க மாப்ளே. எனக்குச் சொல்லத் தெரியல.”

காஜாங் வரை ரயில், அங்கிருந்து செமினிக்குப் பஸ், பிறகு இரண்டு மைல் நடை. காட்டுக்கு நடுவே ஒரு மலைச்சரிவு மொட்டையாகக் கிடந்தது. ரயில் பாதைக்குக் கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட இடம். சரிவு முழுக்க ஒரே பாறை. மேலிருந்து கீழே இருநூற்றைம்பது அடி இருக்கும். ஓரத்தில் நின்றவனுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. மேடு, பள்ளம், வளைந்து வளைந்து ஒரு வாய்க்கால். நாலடி எடுத்து வைத்த பிறகுதான் பிடிபட்டது. அது வாய்க்கால் இல்லை, கிள்ளான் ஆறு. இடுப்புயரத்துக்கு நிற்பவை உலு கிள்ளான் மலைகள். விரல் தடிப்புக்கு எழும்பி ஓடுவது ரயில் பாதை. அதோடு இன்னோர் ஆறு வந்து கூடுகிற இடம் கோலாலம்பூர். அந்தப் பக்கம் இன்னொரு மடிப்பில் லங்காட் ஆறு. பாறை முடிந்து புல் தொடங்கும் விளிம்பு, கடல். முந்தின நாள் பெய்த மழை இன்னும் அந்த ஆறுகளில் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரையெல்லாம், பாதையோரமெல்லாம் குழிகள். சின்னச் சின்னக் குழிகள். சில இடத்தில் ஒன்றிரண்டு, சில இடத்தில் தேன்கூடு போல.

கீழே ஒரு தகரக் கொட்டகையில் ஒருவர் அம்மிக்கல் கொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு எழுபது போலத் தெரிந்தார். சின்னையா அவர்தான். உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“எங்க செத்தாங்க?”

யார் என்று கேட்கவில்லை.

“டெங்கிலுக்கு அந்தாண்ட ஒரு தோட்டம்.”

“ஆத்துக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா?”

“அந்தக் கரை.”

“லயத்துக்கு எந்தப் பக்கம் பொதைச்சாங்க?”

அவனுக்குத் தெரியவில்லை. யோசித்தான். “சாயங்காலம் அந்தப் பள்ளத்து மேல வெயில் விழுந்துச்சு.”

“அப்ப மேக்க மறைப்பில்ல. லயம் கெழக்க. சரி, வாங்க தம்பி.”

லங்காட் ஆற்றின் கரையோடு கீழே இறங்கினார். ஓர் இடத்தில் குந்தி உட்கார்ந்து, பாறையில் கட்டைவிரலை ஊன்றச் சொன்னார். விரலைச் சுற்றிக் கரியால் கோடு போட்டார். “பெரியவங்களுக்குக் கட்டைவெரலு. புள்ளைங்களுக்குச் சுண்டுவெரலு. மொத கணு முங்குற ஆழம்.”

“ரெண்டு பேரு,” என்றான் ராதாகிருஷ்ணன்.

சின்னையா நிமிர்ந்து பார்த்தார். “வயித்துலயா?”

“ஆமா.”

அரைநாள் ஆயிற்று. குழி முடிந்த பிறகு மெல்லிய உளி ஒன்றை எடுத்து, அதன் அடியில் மிளகு பதியும் அளவுக்கு இன்னொரு குழி இட்டார். “உள்ள இருந்ததுக்கு உள்ளயே,” என்றார். கூலி வாங்கவில்லை. “அடுத்த தடவ வரும்போது ஒரு படி அரிசி கொண்டாங்க. எள்ளும் தண்ணியும் விடுறவங்க விடுறாங்க. விட முடியலன்னா பரவால்ல, மழ இருக்கு.”

திரும்பும்போது பஸ்ஸில் அவன் கட்டைவிரலில் கரி ஒட்டியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வரை துடைக்கவில்லை.

அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு போனான். அமாவாசை எந்தக் கிழமையில் வந்தாலும் அவனுக்கு ஞாயிறுதான் அமாவாசை. பக்கத்துக் குழிகளுக்குப் பவுனம்மாள் வருவாள். செமினியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். முன்பு டெங்கில் தோட்டத்தில் இருந்தவள். அதே காய்ச்சல், அதே நீளப் பள்ளம், இரண்டு பிள்ளைகள். அவளுக்கு இரண்டு சுண்டுவிரல் குழிகள்.

“என்னா கிராணி ஐயா, பூச்செடிக்கு ஊத்துற மாரி ஊத்துறீங்க? குனிஞ்சு ஊத்துங்க. படிச்சவங்களுக்கு முதுகு வளையாதா?” என்பாள்.

குனிந்து ஊற்றக் கற்றுக்கொண்டான்.

சின்னையா தானாகப் பேசமாட்டார். கேட்டால் சொல்வார். கப்பலேறி வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில், ரயில் பாலத்துத் தூணுக்குக் கல் கொத்த. இரண்டாம் வருஷம் அவரோடு தங்கியிருந்த கூட்டத்தில் பதினோரு பேர் ஒரே மாதத்தில் காய்ச்சலில் போனார்கள். பாதையோரம் புதைத்தார்கள். பிறகு பாதையை நகர்த்திப் போட்டார்கள். மண்ணும் சரளையும் அவர்கள் மேல் ஏறிக்கொண்டன. எங்கே என்று தேடினால் தெரியவில்லை. கல் எடுத்து முடித்த இந்தப் பாறையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பதினோரு குழி வெட்டினார். குழி எங்கே இருக்கிறது என்று சொல்லப் பாதை வேண்டியிருந்தது. பாதை எங்கே என்று சொல்ல ஆறு. ஆறு எங்கே பிறக்கிறது என்று சொல்ல மலை. அதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள், எங்கள் ஆளுக்கும் ஒன்று வெட்டு என்று. அவர்கள் தோட்டத்துக்கு நடந்துபோய், முடிச்சிட்ட கயிற்றால் அளந்து வந்து, விறகு அடுக்கி எரித்துப் பாறையைச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றிப் பொரிய வைத்து, மேட்டைத் தாழ்த்தி... காலையில் வயிற்றுக்கு அம்மியும் ஆட்டுக்கல்லும். மத்தியானத்துக்கு மேல் பாறை. இருபத்தேழு வருஷம்.

ஒரு தடவை ராதாகிருஷ்ணன் அலுவலக வரைபடத்தின் நகல் ஒன்றைக் கொண்டுபோனான். பாறையின் மேல் நின்று ஒப்பிட்டான். ஆறு சரியாக இருந்தது, மலை சரியாக இருந்தது. தோட்டங்கள் மட்டும் பொருந்தவில்லை. வரைபடத்தில் அரை அங்குலம் இருந்த ஒரு தோட்டம் கல்லில் பத்தடிக்குக் கிடந்தது. கிள்ளான் துரைமார்கள் குடியிருக்கும் பகுதி உள்ளங்கை அகலம்.

“அளவு தப்பா இருக்கே பெரியவரே.”

“குழிக்கு எடம் பத்தல தம்பி,” என்றார் சின்னையா. “தள்ளித் தள்ளிப் போட்டேன்.”

நோட்டீஸ் மாசி மாதம் வந்தது. பஸ் போகும் செமினிச் சடக்கை அகலப்படுத்த ஜல்லி வேண்டும். முன்பு கல் எடுத்த அந்த இடத்தை ஒரு கண்டிராக்டர் எடுத்திருந்தார். நாலு மாதத்தில் வெடி.

கோப்பு ராதாகிருஷ்ணன் மேசை வழியாகத்தான் போயிற்று. எண் எழுதிப் பதிவில் ஏற்றினான். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தான். வெடி வைக்கக் கூடாத இடங்கள் என்று இரண்டுதான் இருந்தன. குடிதண்ணீர் வரும் ஓடை. ஜனங்கள் வழிபடும் இடம்.

அன்று சாயங்காலமே ரெங்கசாமியைப் பார்க்கப் போனான். பிரிக்ஃபீல்ட்ஸில் நாலு லோரி வைத்து ஓட்டுகிறவர். காசு சேர்த்துக் கோயில் கட்டுவதில் பைத்தியமாக இருப்பவர். ஏற்கெனவே இரண்டு கட்டியாகிவிட்டது.

“செமினிப் பாறையா? அங்க சாமி ஏது கிராணி?”

“சாமி இல்ல. வெச்சா?”

ரெங்கசாமி வெற்றிலையை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு மாற்றினார். முகம் மலர்ந்துவிட்டது. “நீங்க ஆள் சும்மா இல்ல லா. வெள்ளைக்காரனுக்கு இந்த ஊர்ல ரெண்டே பயம். ஒண்ணு கொசு, இன்னொண்ணு கோயிலு. எழுதுங்க. நான் சூலத்த நடுறேன்.”

மனுவை ராதாகிருஷ்ணன் தானே எழுதினான். இங்கிலீஷ் நன்றாக வந்திருந்தது. கோயில் என்பது அவனுக்கு ஒரு சொல். ரப்பர் ஸ்டாம்பு போல. குத்திவிட்டால் பாறை நிற்கும். பாறை நின்றால் குழி நிற்கும். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

சின்னையாவிடம் சொன்னபோது அவர் சுத்தியலால் பாறையைத் தட்டிக் காட்டினார். தொம் என்றது.

“கேட்டீங்களா? மணி மாரி அடிச்சா ஆண் கல்லு, சாமி செய்யலாம். தாளம் மாரி அடிச்சா பொண் கல்லு, பீடம் போடலாம். இது ரெண்டும் இல்ல. இதுல சாமிய வெக்கக் கூடாது. அது தெரிஞ்சுதான் நான் இதுல கைய வெச்சேன். செத்தவங்க எடத்துல சாமி எதுக்கு தம்பி?”

“காகிதத்துக்குத்தான் பெரியவரே.”

“காகிதம்னாலும் பொய்யி பொய்யிதான்.”

“வெடி வெச்சா?”

அவர் இருமினார். வெகுநேரம் இருமினார். கல்தூசி நெஞ்சில் படிந்த இருமல். “என்னைக் கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்,” என்றார்.

வைகாசியில் அலுவலகத்தின் வெள்ளைக்கார அதிகாரி பார்வையிட வந்தார். நல்ல மனிதர், வயதானவர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். பாறை ஓரத்தில் ரெங்கசாமி சூலம் நட்டு, மஞ்சள் பூசிய கல் ஒன்றை வைத்து, மணியும் கட்டியிருந்தார். ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். கற்பூரம் எரிந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆற்றங்கரையோடு நடந்தார். கோலாலம்பூர் வந்ததும் நின்று சிரித்தார். தன் வீடு எங்கே என்று தேடினார் போலிருந்தது. பிறகு சின்னையா பக்கம் திரும்பி, இது கோயில்தானா என்று கேட்கச் சொன்னார்.

ராதாகிருஷ்ணன் தமிழில் கேட்டான்.

“கோயில் இல்ல,” என்றார் சின்னையா. “சூலம் நேத்து நட்டது. இது செத்தவங்க இருக்குற நெலம். இங்க யாரும் எதையும் வேண்டிக்க வர்றதில்ல. அவங்க ஆளைப் பாக்க வர்றாங்க. அம்புட்டுதான்.”

அதிகாரி காத்திருந்தார். பவுனம்மாள் தன் இரண்டு குழிகளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதற்கு ஒரு முழம் தள்ளி சிவகாமியின் குழி. காலையில் விட்ட தண்ணீர் அதில் இன்னும் இருந்தது.

ராதாகிருஷ்ணன் இங்கிலீஷில் சொன்னான்: ஆமாம், கோயில்தான். இருபத்தேழு வருஷமாக இங்கே வழிபாடு நடக்கிறது என்கிறார்.

“நான் சொன்னதத்தானே சொன்னீங்க?” என்றார் சின்னையா பிறகு.

“ஆமா பெரியவரே.”

உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. பாறையும் சுற்றி ஓர் ஏக்கரும் கோயில் நிலம். ரெங்கசாமியின் கமிட்டி பொறுப்பு. ஆறு மாதத்துக்குள் முறைப்படி கோயில் அமைந்து பூசை நடக்க வேண்டும். இல்லையென்றால் நிலம் கண்டிராக்டருக்கே போகும். செமினியிலும் டெங்கிலிலும் பூச்சோங்கிலும் ஜனங்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். ராதாகிருஷ்ணனுக்கு மாலை போட வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கக் கிள்ளானிலிருந்து ஒரு குருக்களை ரெங்கசாமி அழைத்து வந்தார். ராதாகிருஷ்ணனும் போயிருந்தான். குருக்கள் பாறை மேல் பத்தடி நடந்தார். குனிந்து ஒரு குழியில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் எள் ஒட்டியிருந்தது. அப்படியே பின்வாங்கிப் புல்லில் போய் நின்றுகொண்டார்.

“என்ன ஓய் ரெங்கசாமி, இதைச் சொல்லவே இல்லையே நீர்?”

“என்ன சாமி?”

“எலும்பு கிடக்கிற மண்ணுலயே பிரதிஷ்டை பண்ணப்படாது, தோண்டி எடுத்துட்டுத்தான் பண்ணணும். இங்க ஊர் ஊரா எள்ளும் தண்ணியும் விட்டு வெச்சிருக்கேளே! இத்தனை பிரேதத்துக்கு நடுவுல எந்த ஸ்வாமி வந்து உட்காருவார்?”

“எலும்பு ஒண்ணும் இல்ல சாமி, வெறும் குழி.”

“குழிதானே? அடைச்சுடுங்கோ. ஒண்ணு பாக்கியில்லாம அடைச்சு, சாந்தி ஹோமம் பண்ணி, அப்புறம் நாள் பாப்போம். இனிமே எள்ளு கிள்ளுன்னு ஒருத்தரும் இந்தப் பக்கம் வரப்படாது. அதுக்கு ஆத்தங்கரை இருக்கு.”

ரெங்கசாமி ராதாகிருஷ்ணனைப் பார்த்துத் தலையாட்டினார். “அவரு சொல்றதும் நியாயந்தான கிராணி? சாமி வந்தாச்சுன்னா தீட்டு ஆகாதுல்ல? ரெண்டு லோரி மணலு, பத்து மூட்ட சிமெண்டு. மூணு நாள்ல முடிச்சிரலாம்.”

நியாயம்தான். கோயிலில் யாரும் திதி கொடுப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ராதாகிருஷ்ணனுக்கும் தெரியும். மனு எழுதிய அன்று அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மறு வாரம் சின்னையா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். செமினியிலிருந்து நடந்து வந்திருந்தார். ரயிலில் ஏறமாட்டார். பியூன் தடுத்ததையும் பொருட்படுத்தாமல் வராந்தாவில் நின்றார்.

“துரைய நான் பாக்கணும் தம்பி. நீங்க வந்து சொல்லணும்.”

அதிகாரி அவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். நாற்காலி போடச் சொன்னார். சின்னையா உட்காரவில்லை.

“அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்த மாறக் கூடாது. அது கோயில் இல்ல. எந்நாளும் இல்ல. சடக்குக்கு ஜல்லி வேணும்னா வெடி வெச்சுக்கிடட்டும். கல்லு ஒடையும், அவ்வளவுதான். செத்தவங்க வாயில சிமெண்டு அடைக்கிறதுக்கு நான் ஒத்துக்கல. இத்தன வருசம் அதுக்கா வெட்டினேன்? சொல்லுங்க.”

“என்ன சொல்கிறார்?” என்றார் அதிகாரி.

ராதாகிருஷ்ணன் மேசையைப் பார்த்தான். வெடி வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. லோரியில் அள்ளிப்போய் எங்கோ கொட்டுவார்கள். சிமெண்டு என்றால் அடியில் இருக்கும். ஒரு காலத்தில் ரெங்கசாமி போவார், குருக்கள் போவார், யாராவது ஓர் உளியை வைத்து... எல்லாக் குழியும் வேண்டாம். ஒன்று.

“நன்றி சொல்ல வந்திருக்கிறார்,” என்றான்.

அதிகாரி எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. அவருக்கு அப்படி யாரும் நடந்து வந்து நன்றி சொன்னதில்லை போலும். மேசையைச் சுற்றி வந்து கையை நீட்டினார். சின்னையா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ராதாகிருஷ்ணனைப் பார்த்தார். காத்திருக்கும் கையை விட முடியாமல் மெதுவாகத் தன் கையைக் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்த பிறகு கேட்டார்.

“வெடி வெச்சுக்கன்னு சொன்னவனுக்கு எதுக்குத் தம்பி கை குடுக்குறாரு?”

ராதாகிருஷ்ணன் கதவைச் சாத்தினான்.

“மொதத் தடவையும் இப்படித்தானா?”

“ஆமா.”

சின்னையா சத்தம் போடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். “சம்சாரத்துக்காகவா?”

“ஆமா பெரியவரே.”

“அவங்க குழியையும்தான அடைக்கப் போறாங்க?”

“பின்னால பேத்து எடுத்துரலாம்.”

“யாரு சொன்னா?” சின்னையாவின் குரலில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. “சிமெண்டு பிடிச்சா கல்லோட பிடிக்கும். பேக்கணும்னா சுத்துச் சுவரும் சேந்துதான் பேந்து வரும். அடியில வெச்ச சின்னது அதோட போயிரும். அப்புறம் அது வெறும் ஓட்ட. அத எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

உள்ளே அதிகாரி யாரிடமோ மலாயில் பேசிக்கொண்டிருந்தார். சின்னையா கதவைப் பார்த்தார்.

“எனக்கும் மலாய் நாலு வார்த்த வரும். உள்ள போய்ச் சொல்லிருவேன். சொன்னா உங்க வேல போயிரும். பொய்யி சொன்னதுக்குக் காவல்ல வெச்சாலும் வெப்பாங்க.”

ராதாகிருஷ்ணன் ‘சொல்லுங்கள்’ என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

சின்னையா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “போறேன்,” என்றார். வரேன் என்று சொல்லவில்லை.

குழி அடைக்கும் வேலையை மேஸ்திரிகளிடம் விடக் கூடாது என்று ஒன்றை மட்டும் சின்னையா ரெங்கசாமியிடம் கேட்டுக்கொண்டார். தானே அடைத்துத் தருவதாகச் சொன்னார். ரெங்கசாமிக்குச் சந்தோஷம். “அண்ணன் கை பட்டா நல்லதுதான்,” என்றார்.

மூன்று நாள் ஆயிற்று. கிள்ளான் கடற்கரையில் தொடங்கி மேலே ஏறினார். ஒவ்வொரு குழியையும் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, பிறகு கரண்டியால் கலவையை வைத்து, விரலால் அழுத்தினார். மூன்றாம் நாள் லங்காட் ஆற்றின் அந்தக் கரைக்கு வந்தபோது ராதாகிருஷ்ணன் அங்கே இருந்தான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

ரெங்கசாமி குடையோடு வந்து காதருகே குனிந்தார்.

“கிராணி, உங்க வீட்டம்மாவோடது இங்கதான இருக்கு? அத விட்டுருவோம். ஒரு ஓடு வெச்சு மூடிரலாம். குருக்களுக்கு எங்க தெரியப் போவுது? நீங்க இல்லன்னா இந்தக் கோயிலே இல்ல. உங்களுக்கு இது கூட இல்லையா?”

சின்னையா அவன் முகத்தைப் பார்க்காமல் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சிவகாமியின் குழிக்கு இன்னும் ஐந்தாறு குழிதான் இருந்தது.

பவுனம்மாள் வந்தாள். பால் வெட்டிவிட்டு நேராக வந்திருந்தாள். சேலையில் ரப்பர்ப் பால் உறைந்திருந்தது. தன் இரண்டு குழிக்கும் முன்னால் உட்கார்ந்து, கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினாள். பிறகு முந்தானையால் துடைத்துக் காய வைத்தாள்.

“எங்கிட்ட ஒண்ணு குடுங்கண்ணே, நானே வெக்கிறேன்,” என்று சின்னையாவிடம் கலவை வாங்கினாள். சுண்டுவிரலால் வைத்து அழுத்தினாள். ஒன்று. இன்னொன்று. உள்ளங்கையால் தடவி மட்டம் பார்த்தாள். அப்போதுதான் ராதாகிருஷ்ணனைக் கவனித்தாள்.

“கிராணி ஐயா! நீங்களும் வந்துட்டீங்களா? நல்லா இருக்கணும் நீங்க. நீங்க எழுதிப் போடலன்னா எம் புள்ளைங்கள வெடி வெச்சுல்ல எடுத்திருப்பானுங்க? இப்பப் பாருங்க, சாமி பக்கத்துலயே கெடக்குதுங்க. தண்ணி ஊத்த முடியாதுன்னாங்க. அது போவுது. கும்புட்டுக்கலாம்ல?”

“கும்பிட்டுக்கலாம்,” என்றான்.

“உங்களுது இன்னும் அடைக்கலயா?”

ரெங்கசாமி குடைக்கடியில் அவசரமாகக் கண் ஜாடை காட்டினார்.

ராதாகிருஷ்ணன் குந்தி உட்கார்ந்தான். குழியில் தண்ணீர் இல்லை. கட்டைவிரலை விட்டுப் பார்த்தான். முதல் கணுவரை போயிற்று. அடியில் அந்த மிளகளவு பள்ளம் நுனியில் தட்டுப்பட்டது. கொஞ்சநேரம் விரலை அப்படியே வைத்திருந்தான். பிறகு கையை நீட்டினான். சின்னையா கரண்டியில் கலவை எடுத்துக் கொடுத்தார்.

“மொதல்ல சின்னதுக்கு,” என்றார். “அப்பத்தான் காத்து நிக்காது.”

அவர் அவனிடம் பேசியது அதோடு சரி. அன்றைக்கு மிச்சத்தையும் அடைத்து முடித்து, கரண்டியை ரெங்கசாமியிடம் ஒப்படைத்துவிட்டு, கொட்டகையில் இருந்த உளிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். பூச்சோங் பக்கம் அம்மி கொத்துவதாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

சாயங்காலம் சடக்கில் பஸ்ஸுக்கு நின்றபோது ராதாகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தான். முன்பெல்லாம் இங்கிருந்து பார்த்தால் வெறும் பாறைதான் தெரியும். இப்போது சிமெண்டு காய்ந்து கல்லைவிட வெளுத்திருந்தது. கடலோரம் கொஞ்சம். கோலாலம்பூரில் கொஞ்சம். பாதை நெடுக. டெங்கில் பக்கம் அடர்த்தியாக. இத்தனை பேர் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

ரெங்கசாமியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னா கிராணி, அம்மத் தழும்பு விழுந்த ஒடம்பு மாரி இருக்கு? நாளைக்கே தார் வாங்கியாந்து தடவிரணும், அப்ப வெளுப்பு தெரியாது.”

பஸ் வந்தது. ராதாகிருஷ்ணன் ஏறிக்கொண்டான்.